பழைய கெர்னலுக்கும் கொஞ்சம் இடம்

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2008 பாடத்திட்டத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்களுக்கு ஏழாவது செமஸ்டரில் 'ஓப்பன் சோர்ஸ் லேப்' என்று ஒரு பேப்பர் உண்டு. அதன் முதல் பயிற்சியே லினக்ஸ் கெர்னலின் மூலநிரலை இறக்கி, கம்பைல் பண்ணி, அதே மெஷினில் நிறுவுவதுதான். பாடத்திட்டத்தில் அது ரெண்டு வரி. ஆனால் அந்த ரெண்டு வரிக்குப் பின்னால் நாற்பது வருஷத்து இடப் பஞ்சக் கதை ஒன்று இருக்கிறது. ரொம்ப நாளாக எடுத்து வைத்த குறிப்புகளைச் சேர்த்து அந்தக் கதையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கெர்னல் பற்றித் தெரியாதவர்களுக்காக நாலு வரி. இயங்குதளத்தின் மையத்தில் இருந்துகொண்டு மெமரி, டிஸ்க், கீபோர்டு எல்லாவற்றையும் மேய்க்கிற நிரல்தான் கெர்னல். மெஷின் எழுந்திருக்கும்போது முதலில் மெமரிக்கு வருவது அது. பிறகு அது தேடிப் போய் ஒட்டிக்கொள்கிற டிஸ்க் பகுதிக்கு ரூட் பார்ட்டிஷன் என்று பெயர். மற்ற எந்த மென்பொருளை நிறுவும்போது தப்பு நடந்தாலும் மெஷினுக்குள் உட்கார்ந்தே சரி பண்ணிவிடலாம். கெர்னலில் தப்பு நடந்தால் உள்ளே போகவே வழி இருக்காது. வீட்டுக்குள் இருந்துகொண்டே வாசக்காலை மாத்துற வேலை அது.

அதனால் இந்த வேலையில் எழுதப்படாத விதி ஒன்று உண்டு. புதுசு ஓடுகிறது என்று உறுதியாகும் வரை பழசைத் தூக்கிப் போடக் கூடாது. எங்கள் பள்ளிப்பட்டுப் பக்கம் தறி வைத்திருப்பவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பாவு தீர்ந்ததும் பழைய இழைகளை அச்சிலிருந்து உருவி எறிய மாட்டார்கள். பழைய பாவின் நுனிகளை அப்படியே விட்டு, புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அதில் பிணைத்துத்தான் இழுப்பார்கள். பழசு பிடித்துக்கொண்டிருந்தால்தான் புதுசு உள்ளே வரும். கெர்னலிலும் அதேதான். சிக்கல் எங்கே என்றால், ரெண்டும் ஒரே நேரத்தில் இருக்க இடம் வேண்டும். ரூட் பார்ட்டிஷன் சின்னது என்று புலம்புகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அவர்களுடைய புலம்பல் முக்கால்வாசி இந்த 'ரெண்டும்' பற்றியதாகத்தான் இருக்கும்.

சரி, ரூட் பார்ட்டிஷன் ஏன் சின்னதாகப் பிறந்தது?

அதற்கு 1970-71க்குப் போக வேண்டும். பெல் லேப்ஸில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் யுனிக்ஸைப் பிடிபி-11 மெஷினுக்கு மாற்றிய காலம். அந்த மெஷினின் மெமரி மொத்தம் 24 கிலோபைட். அதில் 16 சிஸ்டத்துக்கு, 8 பயனர் நிரல்களுக்கு. டிஸ்க் 512 கிலோபைட். இப்போது உங்கள் போனில் ஒரு போட்டோ இதைப் போல ஐந்தாறு மடங்கு இருக்கும். அந்தச் சின்ன, ஆனால் வேகமான டிஸ்கில் சிஸ்டம் இருந்தது. பயனர்களின் கோப்புகள் வேறொரு டிஸ்கில் 'யூஎஸ்ஆர்' என்ற பெயரில் ஒட்டப்பட்டிருந்தன. யூஎஸ்ஆர் என்றால் யூசர், அவ்வளவுதான். முதல் டிஸ்க் நிரம்பி வழிந்தபோது சிஸ்டத்தின் நிரல்களும் அங்கே குடியேறின. ரூட் தனி, யூஎஸ்ஆர் தனி என்று பின்னாளில் பாடப் புத்தகங்கள் தத்துவமாகச் சொன்ன பிரிவினையின் பூர்வீகம் இதுதான். டிஸ்கில் இடம் போதவில்லை, அதனால் பக்கத்து டிஸ்க்கில் வைத்தார்கள்.

எல்லைக்கோடு போடுபவர்களுக்கு அப்போதைக்கு ஒரு காரணம் இருக்கும், அதற்குப் பிறகு கோடு மட்டும் நிற்கும். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியோடு சேர்ந்து ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்த ஊர்க்காரன் நான், எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. இன்றைக்கும் எங்கள் பஸ் ஸ்டாண்டில் பாதிப் பேச்சு தெலுங்கில்தான்.

கல்லூரிகளுக்குப் பரவலாகப் போன யுனிக்ஸ் ஆறாம் பதிப்பில், அதாவது 1975-ல், கணக்கு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஆர்கே05 என்ற கழற்றி மாட்டும் டிஸ்கில் மொத்தம் 4,872 பிளாக். ஒரு பிளாக் 512 பைட். அதில் 4,000 பிளாக் கோப்பு முறைக்கு, மிச்சம் 872 பிளாக் ஸ்வாப்புக்கு. ரூட் பார்ட்டிஷன் முழுசும் சேர்ந்தே சுமார் 2 மெகாபைட் என்று அர்த்தம். அந்த 2 மெகாபைட்டுக்குள் கெர்னலைத் திரும்பக் கட்டிக்கொள்ளவும் முடிந்தது. எப்படி? கெர்னலின் பெரும்பகுதியை முன்கூட்டியே கம்பைல் பண்ணி ரெண்டு நூலகக் கோப்புகளாக வைத்திருந்தார்கள். உங்கள் மெஷினில் என்னென்ன சாதனம் இருக்கிறது என்று பட்டியல் கொடுத்தால், ஒரு குட்டி நிரல் அதற்கேற்ற சின்ன சி கோப்பு ஒன்றை எழுதித் தரும். அதை மட்டும் கம்பைல் பண்ணி நூலகங்களோடு இணைத்தால் போதும், புதுக் கெர்னல் தயார். அதையும் நேராக 'யுனிக்ஸ்' என்ற பெயரில் வைப்பதில்லை. ஆர்கே டிஸ்குக்கு 'ஆர்கேயுனிக்ஸ்', வேறு டிஸ்குக்கு வேறு பெயர். மெஷின் எழும்போது எந்தப் பெயரைத் தட்டுகிறீர்களோ அது ஏறும். ரெண்டு கெர்னல் பக்கத்து பக்கத்தில் இருக்கும் பழக்கம் அங்கேயே இருக்கிறது.

முழுசாகக் கட்டாமல் இணைப்பு மட்டும் போடுகிற இந்த முறை நம்ம ஊரில் எங்கே வந்தது தெரியுமா? வங்கிகளில். 1984-ல் ரங்கராஜன் கமிட்டி வங்கிக் கணினிமயத்துக்கு வழி போட்ட பிறகு யுனிக்ஸ் வகை மெஷின்கள் கிளைகளுக்குள் வரத் தொடங்கின. தொண்ணூறுகளில் எஸ்சிஓ யுனிக்ஸ் ஓடிய கிளைகள் ஏராளம். ஒரு புது டேப் டிரைவோ, அதிகப்படியான டெர்மினல்களுக்கான கார்டோ மாட்டினால், டிரைவரைச் சேர்த்துக் கெர்னலைத் திரும்ப இணைக்க வேண்டும். முடிந்ததும் இந்தக் கெர்னலையே இனி பூட் பண்ணலாமா என்று கேட்கும். சரி என்றால் பழையது 'யுனிக்ஸ் டாட் ஓல்ட்' என்று பெயர் மாறி அதே ரூட்டில் உட்காரும். காலையில் மெஷின் எழவில்லை என்றால், பூட் என்று கேட்கும் இடத்தில் அந்தப் பழைய பெயரைத் தட்டினால் பத்து மணிக்குக் கவுண்ட்டரைத் திறந்துவிடலாம். வாசலில் பாஸ்புக்கோடு வரிசை நிற்கும்போது அந்த ஒரு கோப்பின் மதிப்பு என்ன என்று யோசித்துப் பாருங்கள். அதை ரூட்டில் வைக்க அப்போதைய கணக்கில் ஓரிரு மெகாபைட் போதும். அந்த இடம் இல்லை என்றால் அன்றைக்குக் கிளை லெட்ஜரில்தான் ஓட வேண்டும்.

ஃப்ரீபிஎஸ்டியும் இதே வழிதான். புதுக் கெர்னல் நிறுவும்போது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னல் டைரக்டரி 'கெர்னல் டாட் ஓல்ட்' ஆகிவிடும். இதில் ஒரு பொறி இருக்கிறது, கவனிங்க. முதல் முயற்சி தோற்கிறது. பழசில் எழுந்து, எதையோ திருத்தி, ரெண்டாவது தடவை நிறுவுகிறீர்கள். இப்போது 'ஓல்ட்' என்று உட்காருவது முதல் முயற்சியில் தோற்ற கெர்னல். நல்லதாக ஓடிய ஒன்று காலி! அதனால்தான் நல்ல கெர்னலை வேறொரு பெயரில் தனியாக நகல் எடுத்து வைக்கச் சொல்லி அவர்களுடைய கையேடே சொல்கிறது. ஆக, தேவை ரெண்டு பேருக்கு இடம் இல்லை, மூன்று பேருக்கு: ஓடுவது உறுதியான ஒன்று, போன முறை கட்டியது, இப்போது கட்டுவது. இந்த மூன்றாவது இடத்தைக் கணக்கில் சேர்க்காமல் பார்ட்டிஷன் போட்டவர்கள்தான் பிறகு மாட்டிக்கொள்கிறார்கள்.

லினக்ஸ் வந்தபோது நிலைமை வேறு. 1991 செப்டம்பரில் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட முதல் பதிப்பு சுமார் பத்தாயிரம் வரி. 1994 மார்ச்சில் 1.0 வந்தபோது 1,76,250 வரி. அந்த நாட்களில் கெர்னலைக் கட்டுவது வீரசாகசம் இல்லை, சவுண்டு கார்டு வேலை செய்ய வேண்டும் என்றால் கட்டித்தான் ஆகணும். நம்ம ஊர்ப்பக்கம் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் கம்ப்யூட்டர் பத்திரிகைகளோடு வந்த சிடிகள்தான் லினக்ஸ் வந்த வழி. விஎஸ்என்எல் டயல்-அப்பில் மூலநிரல் இறக்குவதெல்லாம் பகல் கனவு.

இங்கேதான் 'பூட்' பார்ட்டிஷன் என்ற தனிச் சின்ன அறை பிறந்தது. பழைய பயாஸுக்கு டிஸ்கின் முதல் 1,024 சிலிண்டர் வரைதான் கண் தெரியும். பழைய முறையில் கணக்குப் போட்டால் அது 528 மெகாபைட், பிறகு வந்த மாற்றுக் கணக்கில் சுமார் 8 ஜிபி. லைலோ என்ற பூட்லோடர் பயாஸை நம்பி இருந்ததால் கெர்னல் கோப்பு அந்த எல்லைக்குள் இருக்க வேண்டும். நம் வீடுகளில் டிஸ்கின் முன்பாதி விண்டோஸுக்குப் போய்விட்டிருக்கும், லினக்ஸுக்குக் கடைசியில் ஒரு மூலை. அதனால் முன்னாலேயே ஒரு சின்ன பூட் பார்ட்டிஷன் வெட்டி, கெர்னலை மட்டும் அங்கே வைப்பார்கள். 2000-ல் லைலோ இந்த வரம்பைத் தாண்டிவிட்டது. ஆனால் சின்ன பூட் பார்ட்டிஷன் போடும் வழக்கம் போகவில்லை. ஒன்றிரண்டு கெர்னலுக்கு என்று அளவெடுத்த அறையில், தானாக அப்டேட் ஆகும் உபுண்டு மாதாமாதம் புதுக் கெர்னலைக் கொண்டுவந்து அடுக்கி, பின்னாளில் எத்தனையோ பேர் 'டிஸ்கில் இடமில்லை' என்ற செய்தியைப் பார்த்ததற்கு வேர் இங்கே இருக்கிறது.

இனி நம்ம மாவட்டத்துக்கு வருவோம்.

2011 செப்டம்பர் 15. திருவள்ளூர் பக்கத்தில் காக்களூரில் அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். மாநிலம் முழுக்கப் போன திட்டம் தொடங்கியது எங்கள் மாவட்டத்தில். பிளஸ் டூ பிள்ளைகளுக்கும் அரசு, அரசு உதவி பெறும் கல்லூரி மாணவர்களுக்கும் எல்காட் மூலம் வாங்கிக் கொடுத்தார்கள். 2 ஜிபி ரேம், 320 ஜிபி டிஸ்க். அதில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் பாஸ் லினக்ஸும் ரெண்டும் இருந்தன. பாஸ் என்பது சென்னை சி-டாக் 2007-ல் வெளியிட்ட, டெபியனை அடிப்படையாகக் கொண்ட இந்திய லினக்ஸ். பெரும்பாலான பிள்ளைகள் அந்த ரெண்டாவது இயங்குதளத்தைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள், அது வேறு கதை.

கணக்குப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். அந்த வருஷம் பிளஸ் டூ படித்து 2012-ல் இன்ஜினியரிங் சேர்ந்தவர்கள்தான் 2008 பாடத்திட்டத்தின் கடைசி செட். 2015-ல் அவர்களுக்கு ஏழாவது செமஸ்டர். அரசாங்கம் கொடுத்த அதே மடிக்கணினியில், ஓப்பன் சோர்ஸ் லேபின் முதல் பயிற்சியை வீட்டில் செய்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தவர்கள் எங்கள் ஊரிலும் இருந்தார்கள். தறி ஓட்டுகிற வீட்டில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் அது. தம்பி தங்கச்சி படம் பார்ப்பதும் அதில்தான், அண்ணன் ரெக்கார்டு நோட் எழுதுவதும் அதில்தான். கெட்டுப்போனால் திருத்தணிக்கோ நகரிக்கோ தூக்கிக்கொண்டு போக வேண்டும். இணையத்தில் வழி தேடலாம் என்றால், தேட வேண்டிய மெஷினே அதுதான்!

அப்போது கெர்னலின் அளவு என்ன? 2011 ஜூலையில் வந்த 3.0 பதிப்பே ஏறத்தாழ 1.46 கோடி வரி. மூலநிரலை விரித்தாலே நானூறு, ஐந்நூறு மெகாபைட். கம்பைல் ஆகும்போது ஒவ்வொரு சி கோப்புக்கும் ஓர் இடைநிலைக் கோப்பு உருவாகும். இதில் ஒரு வேடிக்கை. கையில் இருக்கிற மடிக்கணினிக்குத் தேவையான டிரைவர்கள் நூறைத் தாண்டாது. ஆனால் டிஸ்ட்ரோ கொடுக்கும் கான்ஃபிக் கோப்பு உலகத்தில் உள்ள அத்தனை மெஷினுக்கும் பொருந்த வேண்டியது, அதில் ஆயிரக்கணக்கான மாட்யூல். லேபில் கைமாறி வந்த ஜெராக்ஸ் குறிப்புகள் எல்லாம் அந்த கான்ஃபிக்கை அப்படியே நகலெடுக்கத்தான் சொல்லின.

அந்த கான்ஃபிக்கில் டீபக் தகவல் சேர்க்கும் விருப்பமும் இயக்கப்பட்டிருந்தால் கதை முடிந்தது. பிழை தேடுகிறவர்களுக்காக ஒவ்வொரு நிரல் வரியின் விவரமும் கோப்புகளுக்குள் ஏறும். டிஸ்ட்ரோக்காரர்கள் அதைக் கடைசியில் உரித்தெடுத்துத் தனிப் பொதியாக வைப்பார்கள். நாம் கையால் நிறுவும்போது உரிப்பதற்கு ஆள் இல்லை. கட்டுகிற இடம் பத்து ஜிபியைத் தாண்டும், மாட்யூல்கள் மட்டும் ஒரு ஜிபிக்கு மேல் போகும், அவற்றைத் திரட்டிக் கட்டும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற பூட் மூட்டை சில நூறு மெகாபைட் ஆகும். விண்டோஸைச் சுருக்கி லினக்ஸுக்குப் பத்து, பதினைந்து ஜிபி ஒதுக்குவதே அந்தக் காலத்தில் தாராளம். அதில் இதை எங்கே வைப்பது?

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் இல்லை. ஃப்ரீபிஎஸ்டியில் டீபக் கோப்புகள் கெர்னலோடு ரூட்டுக்குள்ளேயே நிறுவப்பட்டன. சின்ன ரூட் வைத்திருந்தவர்கள் புதுக் கெர்னலுக்கு இடமில்லாமல் முழித்தார்கள். கடைசியில் 11-ஆம் பதிப்பில் அந்தக் கோப்புகளை யூஎஸ்ஆர் பக்கம் தள்ளிவிட்டார்கள். 1971-ல் செய்த அதே வேலை!

இடம் தீர்ந்தால் என்ன ஆகும் என்பது எந்த நேரத்தில் தீர்கிறது என்பதைப் பொறுத்தது. கம்பைல் ஆகும்போது தீர்ந்தால் பரவாயில்லை, வேலை நின்றுவிடும், அவ்வளவுதான். நிறுவும்போது தீர்ந்தால்தான் வம்பு. மாட்யூல்கள் பாதி ஏறியிருக்கும், பூட் மூட்டை அரைகுறையாக எழுதப்பட்டிருக்கும், பூட்லோடர் பட்டியலில் மட்டும் புதுக் கெர்னல் முதல் ஆளாக நிற்கும். மெஷினை அணைத்துப் போட்டால், ரூட்டை மவுண்ட் பண்ண முடியவில்லை என்று கெர்னல் பேனிக் அடித்துத் திரை உறைந்துவிடும். அந்தச் செய்தியை லேபில் பார்க்காத செட்டே கிடையாது.

இதிலும் பழைய காலத்துப் பாதுகாப்பு ஒன்று இருக்கிறது. எண்பதுகளில் பெர்க்லியில் எழுதிய வேகக் கோப்பு முறை, டிஸ்கில் பத்து சதவீதத்தைச் சாதாரணப் பயனர்கள் தொட முடியாமல் ஒதுக்கி வைத்தது. லினக்ஸின் எக்ஸ்ட் குடும்பம் அதை ஐந்து சதவீதமாக எடுத்துக்கொண்டது. அந்த ஒதுக்கீட்டில் ரூட் பயனர் மட்டும்தான் எழுதலாம். நீங்கள் சாதாரணப் பயனராகக் கம்பைல் பண்ணினால், இடம் தீரும்போது உங்கள் வேலை மட்டும் நிற்கும், சிஸ்டம் மூச்சு விட ஐந்து சதவீதம் மிச்சம் இருக்கும். லேப் குறிப்புகளோ முதல் வரியிலேயே ரூட்டாக லாகின் பண்ணச் சொல்லி, மூலநிரலை யூஎஸ்ஆரின் கீழே உள்ள 'சோர்ஸ்' டைரக்டரியில் விரிக்கச் சொல்லின. ஒரே அடியில் அந்த ஐந்து சதவீதமும் போச்சு. இத்தனைக்கும் கெர்னலோடு வரும் ரீட்மீ கோப்பே, அந்த டைரக்டரியைத் தொடாதே, உனக்கு எழுத அனுமதி உள்ள இடத்தில், உன் வீட்டு டைரக்டரியில் விரி என்றுதான் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது. ரீட்மீயை யார் படிச்சா?

கூடவே கரண்ட். 2012-ல் தமிழ்நாட்டின் மாவட்டங்களில் மின்வெட்டு எப்படி இருந்தது என்பது நினைவிருக்கும். பிறகு குறைந்தாலும் மூன்று மணி நேரக் கம்பைல் ஒன்று இடையூறே இல்லாமல் ஓடுவது எங்கள் ஊரில் அதிர்ஷ்டம்தான். பேட்டரி தீர்ந்து அணைந்தாலும் கவலை இல்லை, 'மேக்' நிரல் விட்ட இடத்திலிருந்து தொடரும். எப்படித் தொடருகிறது? அந்த இடைநிலைக் கோப்புகள் டிஸ்கில் இருப்பதால். இடத்தைச் சாப்பிடுவதும் அவைதான், கரண்ட் போனால் காப்பாற்றுவதும் அவைதான். இடம் மிச்சம் பிடிக்க ராமில் வைத்துக் கட்டு என்று பெங்களூரிலோ பெர்லினிலோ உட்கார்ந்து ஒருவர் சொல்லும் யோசனை, 2 ஜிபி ரேமும் மின்வெட்டும் உள்ள இடத்தில் எடுபடாது.

எடுபட்டது வேறு. ஒன்று, கட்டுவதை ரூட்டுக்கு வெளியே கொண்டுபோவது. இடைநிலைக் கோப்புகளை எங்கே கொட்ட வேண்டும் என்று மேக்குக்குச் சொல்ல முடியும், அதனால் தனி ஹோம் பார்ட்டிஷனோ வெளி ஹார்டு டிஸ்கோ போதும். ஆனால் பென் டிரைவில் வழக்கமாக இருக்கும் ஃபாட் கோப்பு முறையில் இது நடக்காது. சிம்பாலிக் லிங்க்கை அது ஏற்காது, பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசமும் பார்க்காது. கெர்னல் மூலநிரலில் அந்த வித்தியாசத்தை மட்டுமே நம்பி இரட்டைப் பெயர்கள் இருக்கின்றன. எக்ஸ்ட் ஆக ஃபார்மேட் பண்ணித்தான் பயன்படுத்தணும்.

அடுத்து, கட்டுவதையே குறைப்பது. 2009 டிசம்பரில் வந்த 2.6.32 பதிப்பில் ஸ்டீவன் ரோஸ்டெட் ஒரு வசதி சேர்த்தார். பெயர் 'லோக்கல்மாட்கான்ஃபிக்'. இப்போது இந்த மெஷினில் எந்த மாட்யூல்கள் ஏறியிருக்கின்றன என்று பார்த்து, மற்றதை எல்லாம் கான்ஃபிக்கிலிருந்து எடுத்துவிடும். ஆயிரங்கள் நூறாகும், மணிக்கணக்கு அரை மணி, முக்கால் மணிக்கு வரும். 1975-ல் சாதனப் பட்டியல் கொடுத்துக் கெர்னல் கட்டிய முறையின் பேரப்பிள்ளை என்று இதைச் சொல்வேன். ஒரே எச்சரிக்கை: கட்டும் நேரத்தில் பென் டிரைவ், டேட்டா கார்டு எல்லாவற்றையும் ஒருமுறை செருகி வைக்கணும். செருகாததை அது இல்லாததாகவே எடுத்துக்கொள்ளும். டீபக் தகவலை அணைத்து, மாட்யூல்களை நிறுவும்போதே உரிக்கச் சொன்னால் ஒரு ஜிபி கேட்டது சில பத்து மெகாபைட்டில் அடங்கும்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது, வேறு மெஷினில் கட்டி இங்கே கொண்டுவருவது. டெபியனில் மனோஜ் ஸ்ரீவாஸ்தவா தொண்ணூறுகளிலேயே 'கெர்னல்-பேக்கேஜ்' என்ற கருவியை எழுதினார். கட்டி முடித்த கெர்னலை ஒரு டெப் பொதியாக அது மடித்துக் கொடுக்கும். பிறகு இதே வசதி கெர்னல் மூலநிரலுக்குள்ளேயே வந்துவிட்டது. பாஸ் டெபியன் வழி வந்ததால் அங்கேயும் இது செல்லும். கல்லூரி லேபில் உள்ள பெரிய மெஷினில் கட்டி, சில பத்து மெகாபைட் பொதியாக பென் டிரைவில் எடுத்து, திருத்தணி பஸ்ஸில் பள்ளிப்பட்டுக்குக் கொண்டுவந்து நிறுவலாம். பொதி என்பதால் நீக்குவதும் சுத்தமாக நடக்கும், எந்தக் கெர்னல் எந்தக் கோப்பைப் போட்டது என்று சிஸ்டத்துக்கே தெரியும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலைக்கு இடமே தேவையில்லை. கட்டும் கெர்னலின் பதிப்பு எண்ணோடு சொந்தமாக ஒரு வால் ஒட்டணும். அதே எண்ணில் ரெண்டாவது தடவை கட்டினால், மாட்யூல்கள் அதே டைரக்டரியில் பழசின் மேல் எழுதப்படும். கெர்னல் கோப்புக்கு 'ஓல்ட்' உண்டு, மாட்யூல்களுக்குக் கிடையாது. ரூட்டில் இடம் எக்கச்சக்கமாக இருந்தும் பழசு செத்துப்போவது இப்படித்தான். பெயரின் பின்னால் ஒரு ஹைஃபனும் 'பிபி1' என்றும் போட்டால் போதும், பழைய மாட்யூல்கள் அவற்றின் இடத்தில் பத்திரமாக இருக்கும்.

அந்தப் பூர்வீகப் பிரிவினை என்ன ஆனது என்று கேட்பீர்கள். 2012-ல் ஃபெடோரா 17 ரூட்டில் இருந்த நிரல்களை எல்லாம் யூஎஸ்ஆருக்குள் கொண்டுபோய், பழைய பெயர்களில் வெறும் சுட்டிகளை மட்டும் விட்டது. டெபியன் 2023-ல் 12-ஆம் பதிப்பில் அதைக் கட்டாயமாக்கியது. 512 கிலோபைட் டிஸ்க் வழிந்ததால் போட்ட கோட்டை அழிக்க ஐம்பது வருஷம் ஆகியிருக்கிறது. மாட்யூல்களும் இப்போது யூஎஸ்ஆரின் கீழேதான் கிடக்கின்றன. பூட் பார்ட்டிஷன் மட்டும் டிஸ்கை என்கிரிப்ட் பண்ணுகிறவர்களுக்காகத் தனியாக நிற்கிறது. ஒரு காலத்தில் ஐம்பது, நூறு மெகாபைட் கொடுத்த இடத்துக்கு இப்போது ஒரு ஜிபி கொடுக்கிறார்கள். அதிலும் கிராஃபிக்ஸ் கார்டுகளின் ஃபர்ம்வேர் ஏறி ஏறிப் பூட் மூட்டை வீங்கிக்கொண்டே போவதால் மூன்று கெர்னலுக்கு மேல் வைத்தால் மூச்சு முட்டுகிறது.

எங்கள் ஊரில் அந்த 2011 மடிக்கணினிகளில் சில இன்னும் ஓடுகின்றன. பேட்டரி செத்து, சார்ஜரிலேயே ஓடும் ஒன்றில் போன மாதம் பார்த்தேன், பூட் பட்டியலில் மூன்று பெயர் இருந்தது. ரெண்டு டெபியன் கொடுத்தவை. மூன்றாவதன் வாலில் வீட்டுக்காரப் பையனின் இனிஷியல்.